உஷார்! உங்கள் பிள்ளை கபடியில் ‘பிடி’ ஆடுகிறானா?

இன்று ராத்திரி பிள்ளை சாப்பிட உட்காரும்போது கொஞ்சம் கவனியுங்கள். இரண்டு காலையும் மடக்கிச் சம்மணம் போடுகிறானா? இல்லை, ஒரு காலை மட்டும் நீட்டிக்கொண்டு உட்காருகிறானா?

காலை நீட்டினால் உடனே மேலே படியுங்கள். சம்மணம் போட்டாலும் படியுங்கள். நாளைக்கு அவன் நீட்டாமல் இருக்க வேண்டுமே.

நம்ம திருவண்ணாமலைப் பக்கத்தில் கபடியைப் பற்றி யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. செங்கம் ரோடு, போளூர் ரோடு, வேட்டவலம் ரோடு, எந்தப் பக்கம் போனாலும் நாலு ஊருக்கு ஒரு டீம். கார்த்திகை தீபம் முடிந்து கூட்டம் கலைந்ததும் சுவரெல்லாம் டோர்னமென்ட் போஸ்டர் ஏறிவிடும். இப்போது ஆசை இன்னும் கூடிவிட்டது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் கண்ணகி நகர் கார்த்திகாவும் வடுவூர் அபினேஷும் தங்கத்தோடு திரும்பினார்கள். அரசு ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது. அதே மாதம் ‘பைசன்’ படம் வேறு வந்தது. எந்தப் பையனுக்குத்தான் தூக்கம் வரும்?

ஆடட்டும். ஆட வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. சொன்னாலும் கேட்கமாட்டான்.

ஆனால் அவன் என்ன ஆடுகிறான் என்று உங்களுக்குத் தெரியுமா? பாடிப் போகிறவனா, பிடிக்கிறவனா?

இந்தக் கேள்வியைப் பெரும்பாலான அம்மாக்கள் கேட்டதே இல்லை. அப்பாக்களும்தான். ரெய்டு போகிறவனுக்குப் பிளெக்ஸ் வைப்பார்கள், மைக்கில் பேர் சொல்வார்கள், தோளில் தூக்குவார்கள். பிடிக்கிற பையனுக்கு மிஞ்சுவது முட்டியில் மாட்டுகிற கறுப்பு உறை. ஏன் தெரியுமா? எப்போது பாயலாம், எப்போது திரும்பலாம் என்று முடிவு செய்வது ரெய்டர். 30 வினாடியும் அவன் கையில். பிடிக்கிறவன் கண் இமைக்காமல் நின்று, அவன் கால் தரையில் அழுந்துகிற ஒரு நொடியில் பாய வேண்டும். கார்னர் ஆடுகிறவன் கணுக்காலைப் பிடிக்கக் குனிந்து பாயும்போது அவன் தலை எங்கே போகிறது என்று ஒருநாள் பாருங்கள். எதிராளியின் முழங்கால் உயரத்துக்கு. அந்த முழங்கால் அப்போது ஓடிக்கொண்டிருக்கிறது.

தலையைக் கொண்டுபோய் அடுத்தவன் முட்டியில் வைக்கிற வேலை அது.

கவர் ஆடுகிறவனுக்கு வேறு பாடு. பக்கத்தில் இருக்கிறவன் கையைக் கோத்துக்கொண்டு செயின் போடுவான். ரெய்டர் திமிறும்போது தோள்பட்டை கழன்று வரும். அதைவிட மோசம், மூன்று நாலு பேர் ஒரே குவியலாக விழும்போது சொந்த டீம்காரனே இவன் காலின் மேல் பக்கவாட்டில் விழுவது.

அப்படித்தான் ஒரு பையனுக்கு ஆனது.

ஊர் பேர் வேண்டாம். செங்கம் ரோட்டுப் பக்கம் ஒரு கிராமம். 19 வயது. லெஃப்ட் கார்னர். தை மாதம், ராத்திரி டோர்னமென்ட். சாயங்காலம் ஆரம்பித்து விடிய விடிய நடக்கும். பைனல் வரை போகிற டீம் ஒரே ராத்திரியில் நாலு, ஐந்து மேட்ச் ஆடும். அன்றைக்கு மண் தரை இல்லை, வாடகைக்கு எடுத்துவந்த மேட். மேட்டைக் கொண்டுவந்தால் பெரிய டோர்னமென்ட் என்று பேர். துண்டு துண்டாகக் கோத்துப் போடுகிற மேட், கீழே மேடு பள்ளமான களத்துமேடு. இரண்டு துண்டுக்கு நடுவில் விரல் நுழைகிற இடைவெளி. ராத்திரி ஒரு மணிக்கு மேல் பனி இறங்கி மேட் வழுக்க ஆரம்பித்தது. துணி போட்டுத் துடைத்தார்கள். ஆட்டத்தை நிறுத்தவில்லை.

மூன்றாவது மேட்ச். பையன் கணுக்காலைப் பிடித்துவிட்டான். உதவிக்கு ஓடிவந்த கவர் பையன் வழுக்கி, இவன் முழங்கால் மேலேயே விழுந்தான். காய்ந்த முருங்கைக் கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.

“சத்தம் கேட்டுச்சாம்க்கா. அவனுக்குக் கேட்டுச்சு, அவன் பக்கத்துல நின்ன பசங்களுக்குக் கேட்டுச்சு. நானும் அங்கதான் ஒக்காந்திருந்தேன். எனக்குக் கேக்கல. மைக் செட்டு அலறிக்கிட்டு இருந்துச்சு.” அவனுடைய அம்மா என்னிடம் சொன்னது இது. அவர் இதைச் சொல்லும்போது அழவில்லை. கையில் இருந்த முறத்தைத் தட்டிக்கொண்டே சொன்னார்.

எழுந்தான். நொண்டினான். ஸ்ப்ரே அடித்தார்கள். எலாஸ்டிக் துணி சுற்றினார்கள். செமி பைனலும் ஆடினான்! “ஒண்ணும் இல்லமா, லேசா பிசகிக்கிச்சி” என்றான். விடிந்தபோது முட்டி சுரைக்காய் மாதிரி வீங்கியிருந்தது.

எண்ணெய் போட்டு உருவினார்கள், கட்டுப் போட்டார்கள். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. நடந்தான். எல்லாரும் சரியாகிவிட்டது என்று நினைத்தார்கள்.

வீக்கம் வடிந்தால் ஜவ்வு ஒட்டிவிட்டது என்று அர்த்தம் இல்லை!

இதைத்தான் யாரும் சொல்லித்தரவில்லை. முழங்காலுக்குள்ளே குறுக்காக ஓடுகிற ஜவ்வு முழுசாக அறுந்தால் தானாக ஒட்டுவது அரிது. எலும்பு கூடுவது வேறு, ஜவ்வு வேறு. நேராக நடக்கும்போது அது இல்லாதது தெரியாது. திரும்பும்போது தெரியும். ஓடிக்கொண்டே சட்டென்று திசை மாற்றினால் மேல் எலும்பு ஒரு பக்கம், கீழ் எலும்பு ஒரு பக்கம் நழுவும். அப்படி நழுவுகிற ஒவ்வொரு தடவையும் நடுவில் மெத்தை மாதிரி இருக்கிற குருத்தெலும்பு நசுங்கிக் கிழியும். கபடியில் திசை மாற்றாமல் ஒரு நொடி ஆட முடியுமா?

அடுத்த மாதம் இன்னொரு டோர்னமென்ட். வலி தெரியாமல் இருக்க ஒரு ஊசி. யார் போட்டார், எங்கே போட்டார் என்று நான் கேட்கவில்லை. முதல் பாதியிலேயே கால் மடங்கி உட்கார்ந்துவிட்டான். அதற்கப்புறம்தான் எம்.ஆர்.ஐ. ஜவ்வு அறுந்திருந்தது, குருத்தெலும்பும் கிழிந்திருந்தது.

அந்தப் பையனுக்குப் போலீஸ் வேலை மேல் ஆசை. விளையாட்டு ஒதுக்கீடு இருக்கிறது என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இருக்கிறது, உண்மைதான். ஆனால் கிராமத்து டோர்னமென்டில் வாங்கின கோப்பையும் சான்றிதழும் அதற்கு உதவாது. அங்கீகாரம் உள்ள போட்டியில் ஆடியிருக்க வேண்டும். சரி, பொதுப் பிரிவில் போகலாம் என்றால், இரண்டாம் நிலைக் காவலர் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். முன்னே எல்லாம் அதைச் சிரித்துக்கொண்டே ஓடுவான்.

இப்போது கிரிவலப் பாதையில் மாமாவின் டீக்கடையில் நிற்கிறான். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான பேர் அவன் கடையைத் தாண்டி மலையைச் சுற்றிப் போகிறார்கள். 14 கிலோமீட்டர். மலைக்குக் கீழேயே பிறந்த பையன், அந்தத் தை மாதத்துக்கு அப்புறம் ஒரு தடவைகூடச் சுற்றவில்லை.

இதே அடியைப் பட்டு எழுந்த ஒருவரையும் சொல்லிவிடுகிறேன். அப்போதுதான் வித்தியாசம் உறைக்கும். 2022 புரோ கபடி ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அணி பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தது. அதுவரை லீக்கில் யாருக்கும் கிடைக்காத விலை. அந்த வருடம் அக்டோபரில் முதல் மேட்ச், குஜராத் ஜெயன்ட்ஸ் அணியோடு. பவன் பெரிய ரெய்டர். ஆனால் அவர் அடிபட்டது ரெய்டில் இல்லை. பாடி வந்த சந்திரன் ரஞ்சித்தைப் பிடிக்கப் போன இடத்தில். பிடிக்கப் போனதில் முழங்கால்! ஸ்ட்ரெச்சரில் தூக்கிப்போனார்கள். அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. ஒரு வருடம் கழித்து, 2023 அக்டோபரில், ஹாங்சோ ஆசியப் போட்டியில் இந்திய அணிக்குக் கேப்டனாகத் தங்கம் வாங்கினார்.

அவரை அன்றைக்கே உட்காரவைத்துவிட்டார்கள். நம்ம பையன் செமி பைனல் ஆடினான்.

அதனால் முட்டி விஷயத்தில் இதையெல்லாம் பாருங்கள். அடிபட்ட நேரத்தில் ‘டொப்’பென்று சத்தம் கேட்டதாகச் சொல்கிறானா? சில மணி நேரத்துக்குள் வீங்கிவிட்டதா? மறுநாள் மெதுவாக வீங்குவதைவிட, அன்றைக்கே வீங்குவது ஆபத்து. உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். படி இறங்கும்போது கால் ‘விட்டுப்போகிற’ மாதிரி இருக்கிறதா? முட்டி பாதியில் பூட்டிக்கொண்டு நிமிராமல் நிற்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் உருவிவிடக் கூடாது. நேராக எலும்பு டாக்டர். நம்ம அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஆபரேஷன் என்று சொன்னால் பயந்து ஓடிவராமல், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துப்போய் இதற்குக் கிடைக்குமா என்று வாய் திறந்து கேளுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு 9 மாதமாவது களம் பக்கம் போகக் கூடாது. “ஆறாம் மாசமே ஆடினேன்” என்று ஒருவன் வந்து பெருமை பேசுவான். அவனை வீட்டுக்குள் விடாதீர்கள்.

முட்டி போனால் வேலை போகும். தலை போனால்?

அமெரிக்காவில் ஃபுட்பால் என்று ஒரு ஆட்டம் உண்டு. நம்ம கால்பந்து இல்லை, தலைக்கவசம் போட்டுக்கொண்டு மோதுகிற ஆட்டம். அதிலும் பிடிக்கிறவர்கள் தனி. பந்தோடு ஓடிவருகிறவனைக் கட்டிப்பிடித்துத் தள்ளுவதுதான் சம்பளம். உலகத்திலேயே பணம் கொழிக்கிற லீக், ஆனால் ஒரு வீரரின் ஆட்டக்காலம் சராசரியாக 3.3 வருடம்தான் என்று அவர்களுடைய சங்கமே சொல்லி வந்திருக்கிறது. ஜூனியர் சியாவ் என்று பெரிய பேர் வாங்கிய தடுப்பாட்டக்காரர், 20 சீசன் ஆடியவர். 2012இல், 43 வயதில், உயிரை மாய்த்துக்கொண்டார். மூளையைப் பரிசோதித்தபோது, திரும்பத் திரும்ப அடிபட்டதால் வருகிற சிதைவு நோய் இருந்தது. 2017இல் பாஸ்டன் ஆராய்ச்சியாளர்கள், இறந்த பிறகு தானமாகக் கொடுக்கப்பட்ட 111 முன்னாள் லீக் வீரர்களின் மூளையைப் பார்த்தார்கள். 110 பேருக்கு அந்தச் சிதைவு. தொந்தரவு இருந்தவர்களின் குடும்பம்தான் பெரும்பாலும் தானம் கொடுத்திருக்கும், அதனால் எல்லா வீரருக்கும் அப்படி ஆகும் என்று அர்த்தம் இல்லை. இருந்தாலும் அந்த எண்ணைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

அவர்கள் தலையில் கவசம் இருந்தது. நம்ம பிள்ளைகள் தலையில் எண்ணெய் மட்டும்தான்.

தலையில் முட்டி பட்ட பையன் எழுந்து நின்றுவிட்டால் கைதட்டி உள்ளே அனுப்புகிறார்கள். கூடவே கூடாது. அன்றைக்கு அவனுக்கு ஆட்டம் முடிந்தது. முதல் அடியின் குழப்பம் தீராத மூளைக்கு இரண்டாவது அடி விழுந்தால் உள்ளே சடாரென்று வீங்கி உயிரே போகலாம். சின்ன வயதுக்காரர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அவனிடம் ஸ்கோர் கேளுங்கள், எந்த டீமோடு ஆடுகிறோம் என்று கேளுங்கள். தடுமாறினால் போதும். கேட்டதையே திரும்பக் கேட்கிறானா, வாந்தி எடுக்கிறானா, தலைவலி நேரம் ஆக ஆகக் கூடுகிறதா, ஒரு கண்ணின் பாப்பா பெரிதாகத் தெரிகிறதா, வலிப்பு வருகிறதா, எழுப்பினால் எழாமல் தூங்கி வழிகிறானா? ஒரு நிமிடம் தாமதிக்காதீர்கள். சில பேர் அடிபட்டு ஒரு மணி, இரண்டு மணி நேரம் நன்றாகப் பேசிவிட்டு, அப்புறம் சரிவார்கள். “நல்லாத்தானே பேசிட்டு இருந்தான்” என்று எத்தனை சாவு வீட்டில் கேட்டிருக்கிறோம்!

கழுத்தில் அடிபட்டு, கை கால் மரத்துப்போகிறது என்றால் நாலு பேர் சேர்ந்து தூக்கி பைக்கில் நடுவே உட்காரவைக்காதீர்கள். படுத்த இடத்திலேயே, தலை அசையாமல் இருக்கட்டும். 108 வரட்டும்.

இனி சொல்லப்போவதைச் சொல்ல எனக்கே கை நடுங்குகிறது.

2009இல் ‘வெண்ணிலா கபடிக்குழு’ பார்த்துவிட்டு எல்லாரும் அழுதோம். ஆட்டத்திலேயே கதாநாயகன் செத்துவிடுவான். சினிமாதானே என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தோம். 2022 ஜூலையில் பண்ருட்டி பக்கத்தில் ஒரு கல்லூரி மாணவர், கபடி ஆடிக்கொண்டிருக்கும்போதே சுருண்டு விழுந்து இறந்தார். அந்த வீடியோ உங்கள் போனுக்கும் வந்திருக்கும். அவர் பாடிப் போனவர். பிடித்தவர்கள் நேற்றுவரை அவரோடு சிரித்துப் பேசக்கூடிய வயசுப் பிள்ளைகள்தான். அந்தப் பாரத்தை யார் சுமப்பது?

அடுத்த வருடமே, 2023 ஜனவரி 2ஆம் தேதி, அமெரிக்காவில் சின்சினாட்டி நகரத்தில் டமார் ஹாம்லின் என்ற 24 வயதுத் தடுப்பாட்டக்காரர் எதிராளியைப் பிடித்துத் தள்ளினார். எழுந்து நின்றார். இரண்டு அடி வைத்தார். மரம் சாய்கிற மாதிரி மல்லாக்க விழுந்தார். நெஞ்சில் பட்ட அடி, இதயத் துடிப்பின் ஒரு குறிப்பிட்ட கணத்தில் பட்டுவிட்டது. நொடியில் ஒரு சின்னப் பங்கு அது. அப்போது பட்டால் நல்ல இதயமும் துடிப்பு தப்பி நின்றுபோகும். ஹாம்லின் பிழைத்தார். அதே வருடம் திரும்பவும் களம் இறங்கினார். காரணம் சாமி மட்டும் இல்லை. அவர் விழுந்த உடனே ஓடிவந்து நெஞ்சை அழுத்தத் தெரிந்த ஆள் அங்கே இருந்தார், ஷாக் கொடுக்கிற பெட்டியும் இருந்தது.

நம்ம டோர்னமென்டில் என்ன இருக்கிறது? ஜெனரேட்டர் இருக்கிறது. நாலு ஸ்பீக்கர் பாக்ஸ் இருக்கிறது. வாணவேடிக்கை இருக்கிறது.

மயங்கி விழுந்தவனுக்குத் தண்ணீர் புகட்டாதீர்கள். கையில் சாவி கொடுக்காதீர்கள். கூப்பிட்டால் பதில் இல்லை, மூச்சு இல்லை, அல்லது மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுகிறான் என்றால் இதயம் நின்றுவிட்டது. 108க்கு ஒருவர் பேசும்போதே இன்னொருவர் மார்பின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து அழுத்த வேண்டும். 5 சென்டிமீட்டர் ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. ஆம்புலன்ஸ் வரும்வரை கையை எடுக்கக் கூடாது. விலா எலும்பு ஒடியுமோ என்று பயப்படாதீர்கள். ஒடிந்த விலா கூடிவிடும்.

ஓடும்போது மயக்கம் வருகிறது, நெஞ்சு படபடக்கிறது என்று பிள்ளை எப்போதாவது சொன்னானா? சொந்தத்தில் யாராவது சின்ன வயதிலேயே தூக்கத்தில், நடையில் திடீரென்று போயிருக்கிறார்களா? அப்படியென்றால் ஒரு ஈ.சி.ஜி., ஒரு எக்கோ எடுக்காமல் அவனைக் களத்தில் விடாதீர்கள்.

இன்னொரு திருட்டுத்தனம் நடக்கிறது. அம்மாக்களுக்குத் தெரியவே தெரியாது. நம்ம பக்கம் 55 கிலோ, 60 கிலோ என்று எடை வைத்து டோர்னமென்ட் நடத்துகிறார்கள் இல்லையா? இரண்டு கிலோ கூட இருக்கிற பையன் என்ன செய்கிறான்? இரண்டு நாள் தண்ணீர் குடிக்கமாட்டான். வெயிலில் ஜெர்க்கின் போட்டு ஓடுவான். சில பேர் நீர் பிரிகிற மாத்திரை போடுகிறார்கள். உடம்பிலிருந்து நீரோடு சேர்ந்து உப்புச் சத்தும் போய்விடும், இதயம் தாளம் தப்பும். காய்ந்துபோன உடம்போடு வலி மாத்திரையும் போட்டால் சிறுநீரகம் வாங்கும். போதாக்குறைக்கு அந்த நீர் மாத்திரை ஊக்கமருந்து தடைப் பட்டியலிலும் இருக்கிறது. மாநில அளவுக்குப் போய் மாட்டினால் வருடக்கணக்கில் தடை. சோற்றைத் தள்ளிவைக்கிறான், உதடு வெடித்திருக்கிறது, சிறுநீர் கடும் மஞ்சளாகப் போகிறது என்றால் சும்மா கேட்காதீர்கள், சட்டைப்பையைப் பாருங்கள்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. புரோ கபடியில் பிடிக்கிறவர்களுக்கும் விலை இருக்கிறது. ஈரான்காரர் ஃபசல் அத்ராச்சலிக்கு 2018இல் 1 கோடி, இன்னொரு ஈரான்காரர் முகமதுரெசா ஷாத்லுவுக்கு 2023இல் 2 கோடியே 35 லட்சம். நம்ம தஞ்சாவூர்ப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன் 1975இல் பிறந்தவர். 2016இல், 41 வயதில், பாட்னா அணிக்குக் கேப்டனாகக் கோப்பை வாங்கிக் கொடுத்தார், நாற்பத்தைந்து தாண்டியும் மேட்டில் நின்றார். அவர் ஆடியதும் பிடிதான். அந்த ஒரு பேரைச் சொல்லித்தான் ஏஜென்ட் வருவான். “செலக்‌ஷன் வாங்கித்தர்றேன், ஒரு லட்சம் ஆகும்” என்பான். ஏலத்தில் அணிதான் வீரனுக்குப் பணம் கொடுக்கும். வீரன் அணிக்குக் கொடுக்கிற வழக்கம் எங்கேயும் இல்லை. தாலிக்கொடியை அடகு வைக்காதீர்கள். வேறு பேச்சு வேண்டாம்.

போஸ்டர் ஒட்டுகிற காலம் வந்துவிட்டது. அடியில் விழாக் கமிட்டியின் செல் நம்பர் மூன்று நாலு இருக்கும். ஒரு நம்பருக்குப் போன் போடுங்கள். கோபப்படாமல், “தம்பி, நான் ஒரு பையனோட அம்மா பேசறேன்” என்று ஆரம்பியுங்கள். மேட்டுக்கு அடியில் தரையைச் சமன் செய்வீர்களா, பனி இறங்கினால் நிறுத்துவீர்களா, ஒரு டீமுக்கு ராத்திரிக்கு எத்தனை மேட்ச், நெஞ்சை அழுத்தத் தெரிந்த ஆள் யார், 108 வண்டி உள்ளே வருகிற வழியில் பைக் நிற்குமா நிற்காதா? ஒவ்வொன்றாகக் கேளுங்கள். அவர் யோசிக்கிற நேரத்தில் போனை வைத்துவிடாதீர்கள்.